காபியை விட்ட உன் அப்பாவின் முகம்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். நான் சுகம், உன் தங்கை சுகம், மாடியில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய்கூட இப்போது சுகம். உன் அப்பாவைப் பற்றி மட்டும் அந்த வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்கு இந்தக் காலத்தில் தாளும் பேனாவும் என்று கேட்பாய். போனில் நீயும் நானும் தனியாகப் பேசி எவ்வளவு காலம் ஆகிறது, யோசித்துப் பார். மணி அடித்ததும் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் உன் அப்பா வந்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். செய்தி அனுப்பலாம் என்றால், என் போனை என்னைவிட அதிகம் திறந்து பார்ப்பவர் அவர்தான். அதனால் இதை எழுதி, காய்கறிப் பைக்குள் வைத்து, கடைத்தெருவுக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போடப் போகிறேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், மாட்டேன் என்கிறார், அவரைப் போக வைக்க உன் ஒருவனால்தான் முடியும். ஏன் உன்னால் மட்டும் என்பதற்குத்தான் மீதிக் கடிதம். பொறுமையாகப் படி. பாதியில் வைத்துவிட்டு "அம்மா சும்மா பயப்படறாங்க" என்று தங்கைக்குச் செய்தி அனுப்பாதே, அவள் அதை அப்படியே என்னிடம் காட்டிவிடுவாள்.

எல்லாம் நீ குடும்பக் குழுவில் போட்டாயே ஒரு இரட்டைப் படம், அதில் ஆரம்பித்தது. இடது பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்த நீ, வலது பக்கம் காபியை விட்ட நீ. இடது பக்கத்தில் தாடியும் கலைந்த தலையுமாக டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கிறாய். வலது பக்கத்தில் முடி வெட்டி, முகம் மழித்து, ஜன்னல் ஓரமாகச் சிரிக்கிறாய். எனக்கென்னவோ காபியைவிட முடிவெட்டுகிறவரும் ஜன்னலும்தான் அதிகம் வேலை செய்த மாதிரி தெரிந்தது. நான் அப்போதே அதை எழுதியிருக்க வேண்டும், பிள்ளை சந்தோஷமாக ஒன்று போட்டிருக்கிறானே என்று வாயை மூடிக்கொண்டேன். படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்தாய், கண்ணுக்குக் கீழே கருவளையம் போய்விட்டது, தொப்பை கரைகிறது, தோல் பளபளவென்று ஆகிவிட்டது, குழந்தை மாதிரித் தூக்கம் வருகிறது என்று. உன் மாமா கட்டைவிரல் போட்டார். தங்கை "இது என் அண்ணனா, இல்ல அவரோட தம்பியா?" என்று கேட்டாள். அப்பா ஒன்றும் போடவில்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி உன் கண்ணுக்குக் கீழே பார்த்தார், பிறகு எழுந்துபோய்க் குளியலறைக் கண்ணாடியில் தன் கண்ணுக்குக் கீழே பார்த்தார். மறுநாள் காலை நான் கப்பை நீட்டினபோது கையைக் கட்டிக்கொண்டு, "இன்னியிலேர்ந்து எனக்கு வேணாம்" என்றார். வயிறு எரிகிறது என்று புலம்புகிறீர்களே, ஒரு வேளையாவது குறையுங்கள் என்று நான் எத்தனை வருஷமாகச் சொல்லியிருப்பேன். நான் சொன்னால் காற்றோடு போய்விடும், நீ சொன்னால் கல்வெட்டு.

முதல் வாரம் நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். தலைவலி என்றால் சாதாரணத் தலைவலி இல்லை. ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு, ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, மிக்ஸி ஓடக்கூடாது, கதவு சத்தம் போடக்கூடாது, தங்கை வளையல் போடக்கூடாது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். காலையில் காபி உள்ளே போனால்தான் அவருக்கு மற்றது வெளியே வரும் என்பது உனக்குத் தெரிந்த விஷயம்தான், அந்த வாரம் முழுவதும் செய்தித்தாளின் கடைசிப் பக்க விளம்பரம் வரைக்கும் உள்ளே உட்கார்ந்து படித்துவிட்டு, போனது போலவே வெளியே வந்தார். நம் கண்ணாடிக் கடையில் ஒரு அம்மாள் பிரேம் பிரேமாகப் போட்டுப் பார்த்து எது நன்றாயிருக்கிறது என்று கேட்டதற்கு, "உங்க மூஞ்சிக்கு எதுவும் நல்லாருக்காதும்மா, பார்வை தெரிஞ்சா போதும்னு ஒண்ண எடுத்துக்கங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் நேராக எதிர்ச்சாரிக் கண்ணாடிக் கடைக்குப் போய், வாங்கின கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நம் கடை வாசல் வழியாகவே மெதுவாக நடந்து போனாராம். வீட்டில் நான் காபி போட்டால் வாசனை வருகிறது என்று கத்தல். என் வீட்டில், என் கையால் போட்ட காபியை, துணி துவைக்கிற இடத்தில் நின்று திருடி மாதிரி குடித்தேன். அங்கேயும் மோப்பம் பிடித்து வந்து, "உனக்கு எப்படித்தான் இறங்குதோ" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அப்புறம் தலைவலி போயிற்று. தூக்கமும் நன்றாகத்தான் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வயிறு எரிகிறது என்கிற பேச்சே இல்லை. பத்திரிகையில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள், பார்த்ததைப் பார்த்தபடிதான் எழுதுவேன், அந்த நாட்களில் அவர் முகம் தெளிவாகத்தான் இருந்தது. அதோடு நின்றிருந்தால் உனக்கு நன்றி சொல்லி எழுதியிருப்பேன். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டு, அவரைப் பார்த்ததும் பார்க்காததுமாக, "அப்பா! பத்து வயசு குறைஞ்சிருக்கு! தாடை எலும்பெல்லாம் தெரியுது, ஹீரோ மாதிரி இருக்கீங்க!" என்றாயே. அன்றைக்குக் குளிர்ந்த உச்சி இன்னும் சூடேறவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "வெளிநாட்ல இருக்கானே பெரியவன், அவனே சொல்றான்" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் இருப்பதோ கண்ணாடிக் கடை, திரும்பின பக்கமெல்லாம் முகம் பார்க்க வசதி. பிரேம் போட்டுப் பார்க்க வாடிக்கையாளர் முன்னால் வைக்கிற கண்ணாடியைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்கிறார் என்று லென்ஸ் தேய்க்கிற அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தார். மாமா வந்தபோது பொறுக்க மாட்டாமல், "மச்சான், காபிய விட்டதுக்கே இவ்ளோ அழகுன்னா, சாப்பாட்டையும் விட்டுடுங்க, அக்காவுக்குத் தெரியாம இன்னொரு பொண்ணு பார்த்துடலாம்" என்றார். அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார் உன் அப்பா.

ஆனால் பெரியவனே, சாப்பாட்டை அவர் விடவில்லை. நீ கவனிக்க வேண்டியது இங்கேதான். முன்பு சாப்பிட்டதைப் போல ஒன்றரைப் பங்கு சாப்பிடுகிறார். தட்டு காலியானதும் நான் உட்காருவதற்கு முன்பே மறுபடி நீட்டுகிறார். அப்படிச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகிறார். பெல்ட்டில் இருந்த ஓட்டைகள் தீர்ந்துபோய் ஆணியைச் சுட்டுப் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார், அதையும் என்னவோ மெடல் வாங்கின மாதிரி என்னிடம் காட்டினார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் என் கை போகும். உன் திரையில் அவர் நேராக, வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், உனக்குத் தாடை எலும்பு தெரிகிறது. நான் சாப்பாட்டு மேஜையில் அவருக்குப் பக்கவாட்டில் உட்காருகிறவள். நெற்றிப்பொட்டு குழிந்திருப்பதும், கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குவதும், மெல்லும்போது கன்னம் உள்ளே போய் வருவதும் எனக்குத்தான் தெரியும். இதைச் சொன்னால், "காபில போடற சர்க்கரையும் பாலும் எவ்ளோன்னு நெனச்ச? அதெல்லாம் இல்லன்னா உடம்பு எறங்கத்தான் செய்யும்" என்கிறார். அவர் காபிக்குச் சர்க்கரையே போட்டதில்லை என்பதை முப்பது வருஷமாகப் போட்டுக் கொடுத்த நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது தாகம். காபிக்குப் பதிலாக என்று ஆரஞ்சு ஜூஸை ஆரம்பித்தார், இப்போது குளிர்பெட்டியில் பாலுக்கு இடமில்லை. தண்ணீர்ப் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டே திரிகிறார். குடிக்கிற வேகத்திலேயே கழிப்பறைக்கு எழுந்தெழுந்து போகிறார். கடையில் ஒருவர் மூக்கில் அந்தக் கனமான சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "மேல் வரிய படிங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விடுகிறாராம். அவர் வரும்வரை மனுஷன் மேல் வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். ஏன் இத்தனை தடவை என்று கேட்டேன், "உள்ள இருக்கிற காபி நச்செல்லாம் கழியுது" என்கிறார். மத்தியானம் கடை பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிப் போகிறார், கேட்டால், "இத்தனை வருஷம் காபி குடிச்சுத் தூக்கத்த விரட்டினேன்ல, உடம்பு பாக்கிய வசூல் பண்ணுது" என்கிறார். எதைக் கேட்டாலும் காபிதான் பதில். கால் மரத்துப் போகிறது என்றால் காபி, வாய் உலர்கிறது என்றால் காபி. வாசல் கதவு சரியாகச் சாத்தாமல் போனாலும் காபியை விட்டதால்தான் என்பார் போலிருக்கிறது.

இதற்கெல்லாம் மேலே வந்தது கண். ஒரு நாள் காலை செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவந்து, கண்ணாடி இல்லாமல் பொடி எழுத்தைக் கடகடவென்று படித்துக் காட்டினார். படிப்பதற்குக் கண்ணாடி போட ஆரம்பித்து எவ்வளவு காலம் ஆயிற்று, நானும் அசந்துதான் போனேன். "பாத்தியா! கண்ணே திரும்ப வந்துடுச்சு!" என்று குதித்தார். உடனே உனக்கு அடித்துச் சொன்னார், நீயும் கைதட்டுகிற படமாக வரிசையாக அனுப்பினாய். அது சரி, கிட்டத்தில் தெரிகிறதே என்று பார்த்தால் தூரத்தில் தெரியவில்லை. தெருமுனையில் திரும்புகிற பஸ்ஸின் எண் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறிப் போய்த் திரும்பி வந்தார். தானே தன் கண்ணைச் சோதித்து, புதிதாக ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் அதுவும் சரியில்லை, இன்னொன்று போட்டார். அப்புறம் அதுவும் போய் மூன்றாவது. மேஜை மேல் மூன்று கண்ணாடியும் வரிசையாகக் கிடக்கின்றன, காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அன்றைக்கு எது பொருந்துகிறதோ அதை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்.

இப்போது நான் சொல்லப்போவது உனக்குப் புதிதில்லை, அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவன் நீ. கொஞ்ச காலத்துக்குள் ஒருவருக்குக் கண் நம்பர் தாறுமாறாக மாறியிருந்தால் உன் அப்பா லென்ஸ் போட்டுக் கொடுக்க மாட்டார். எடுத்துக் காட்டின பிரேமைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டு, முதலில் போய்ச் சர்க்கரை இருக்கிறதா பாருங்கள், ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கினால் கண் நம்பரும் ஏறி இறங்கும், இன்றைக்குப் போடுகிற கண்ணாடி அடுத்த மாதம் ஆகாது என்று சொல்லி அனுப்பிவிடுவார். வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறாரே என்று தெருவில் சிரித்தவர்கள் உண்டு, நன்றி சொல்ல வந்தவர்களும் உண்டு. போன மாதம் நான் சாப்பாடு கொண்டுபோன நேரம், தையல்காரர் ஒருவர் வந்திருந்தார். ஊசியில் நூல் கோக்க இத்தனை நாள் கண்ணாடி வேண்டியிருந்தது, இப்போது இல்லாமலே தெரிகிறது, ஆனால் எதிர்க்கடைப் பலகை தெரியவில்லை என்றார். நான் கையில் தூக்குப் பாத்திரத்தோடு நின்றுகொண்டு உன் அப்பா வாயையே பார்த்தேன். அவர் கொஞ்சம்கூடத் தயங்காமல் பிரேமை உள்ளே வைத்து, "சுகர் பாத்துட்டு வாங்க. இது கண்ணு நல்லாகறது இல்ல, உள்ள ஏதோ கெட்டுப்போறது. பாத்துட்டு வந்தாத்தான் நான் கைய வெப்பேன்" என்றார். சொன்னவர் மூக்கின் மேல் இருந்தது அவருடைய மூன்றாவது கண்ணாடி.

தையல்காரர் படியிறங்கும்வரை பொறுத்துக்கொண்டேன். பிறகு, "என்னங்க, இப்ப அவருக்குச் சொன்னதுல ஒரு வார்த்த கூட்டாம கொறைக்காம உங்களுக்கும் சொல்லிக்கங்க" என்றேன். "அவரு விஷயம் வேற. அவருக்கு வியாதி, நான் காபிய விட்டிருக்கேன்" என்றார். அவருக்கு வியாதி என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அதே அடையாளமெல்லாம் உங்களுக்கும் இருக்கிறதே என்று கேட்டால், "என் கண்ணு எனக்குத் தெரியாதா? தொழில் கத்துக்குடுக்க வந்துட்டா" என்று சாப்பாட்டைத் திறந்துவிட்டார். லென்ஸ் தேய்க்கிற அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். உலகத்தில் யார் இந்தத் தப்பைச் செய்தாலும் தெரியாமல் செய்துவிட்டார் என்று விடலாம். ஊரார் கண்ணில் பார்த்த மாத்திரத்தில் தெரிகிற ஒன்று, நாள் முழுவதும் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு எப்படித்தான் தெரியாமல் போகிறது, எனக்கு அலுத்துப் போய்விட்டது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் நேரம் வாங்கிக் கூட்டிக்கொண்டு போனேன், டோக்கன் வாங்க நான் வரிசையில் நின்ற நேரத்தில், கூட்டமாக இருக்கிறது என்று ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். தங்கை வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறவரை வரவழைத்தாள். அவர் பையைத் திறந்து ஊசியை எடுக்கிறதற்குள் உன் அப்பா அவரைப் பார்த்து, "என்ன தம்பி, இப்படிக் கண்ண இடுக்கிக்கிட்டு வேல பாக்கறீங்க? நரம்பு எப்படிப்பா தெரியும்?" என்று ஆரம்பித்து, கையோடு கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைச் சோதித்து, தள்ளுபடி போட்டுக் கண்ணாடியும் விற்றுவிட்டார். ரத்தம் எடுக்க வந்தவர் மூக்கில் புதுக் கண்ணாடியோடு, காலிக் குப்பியோடு திரும்பிப் போனார். தங்கைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றைக்குத்தான் அவள் கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் நேராகக் கேட்டாள், "உங்களுக்கு என்னதான்பா பயம்?" என்று. அதற்கு அவர், "சுகர்னு வந்துட்டா, அப்ப பெரியவன் சொன்னதெல்லாம் பொய்யாயிடும்ல?" என்றாராம்.

இதைப் படித்ததும் உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் அழகு பற்றின பேச்சு மட்டும் இல்லை இது. முன்பெல்லாம் நீ கூப்பிட்டால் அவர் உன்னிடம் பேசுவது என்ன? எப்படி இருக்கே, நல்லா இருக்கேன், வேலை எப்படிப் போகுது, பரவாயில்ல, இரு, அம்மாகிட்ட குடுக்கறேன். வருஷக்கணக்காக அதே நாலு வார்த்தை. காபியை விட்டதிலிருந்து இரண்டு பேரும் அரட்டை அடிக்கிறீர்கள். உனக்குத் தலைவலி எத்தனை நாள் இருந்தது, எனக்கு எத்தனை நாள், நீ காலையில் என்ன குடிக்கிறாய், நான் என்ன குடிக்கிறேன் என்று, நான் பின்னால் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டிருக்கிறேன். ஒரு தடவை நீ ஏதோ சொல்ல அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதை விட்டுவிட மனுஷனுக்கு மனசு வரவில்லை. அது எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதற்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

போன வாரம் நடந்ததுதான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டுகிற ஒருவர், முதல் நாள் வாங்கிக்கொண்டு போன புதுக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். "சார், இதப் போட்டா ரோடு ஒரு பக்கமா சாயுது சார். நேராப் போறதா நெனச்சு ஸ்டியரிங்க திருப்பிக்கிட்டே இருக்கேன். நல்லவேள, வண்டில பசங்க இல்ல" என்றாராம். அப்பா லென்ஸை மெஷினில் வைத்துப் பார்த்தார். லென்ஸைப் பதிக்க வேண்டிய கோணம் தப்பு. சோதித்தபோது அந்த நம்பரை அவரே தப்பாகப் படித்து எழுதியிருக்கிறார். அவர் கையால் எழுதின நம்பர் தப்பாகி ஒரு கண்ணாடி கடைக்குத் திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை. புதிதாகப் போட்டுக் கொடுத்து மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, மெஷின் கெட்டுவிட்டது என்று பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டார். அவர் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து, மெஷினில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். அன்று கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றார். அவராகவே, "ஏன்டி, மறுபடியும் காபிய ஆரம்பிச்சா கண்ணு பழையபடி ஆயிடுமோ?" என்றார். எனக்கு அழுகை ஒரு பக்கம், கையிலிருந்த கரண்டியால் ஒன்று போடலாமா என்கிற ஆத்திரம் ஒரு பக்கம். மனுஷன் பயந்து போயிருக்கிறார், ஆனாலும் காபியை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறார்.

இது சர்க்கரைதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை. பார்க்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். அப்படியே இருந்தாலும் தலையில் இடி விழுந்துவிடாது. மேல் வீட்டு டீச்சருக்கு எத்தனை வருஷமாக இருக்கிறது, மாத்திரை போட்டுக்கொண்டு, நடந்துகொண்டு, மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு ஏறிப் போகிறார். பார்க்காமல் விட்டால்தான் ஆபத்து, கண்ணையே கொண்டுபோய்விடும். கண் போனால் உன் அப்பாவிடம் மிச்சம் என்ன இருக்கிறது சொல். அந்தக் கடையும் அந்த லென்ஸ் பெட்டியும் இல்லாமல் அவர் ஒரு நாள் இந்த வீட்டில் உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாயா?

அதனால் நீ செய்ய வேண்டியது இது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல வீடியோவில் கூப்பிடு. நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே. காபி கெட்டது, நல்லது என்கிற பேச்சுக்குள்ளேயே போகாதே, போனால் உன்னை அங்கேயே சுற்ற வைத்துவிடுவார். நீயே பார்த்துக் கண்டுபிடித்த மாதிரி, முகத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் காட்டச் சொல், காட்டினதும், "அப்பா, நீங்க நல்லா இல்லப்பா. எனக்குப் பயமா இருக்கு" என்று சொல். அந்த இரண்டு வார்த்தைதான். பத்து வயசு குறைந்தது என்று சொன்ன வாய்தான் இதையும் சொல்ல வேண்டும், வேறு யார் வாய் சொன்னாலும் அவருக்குப் பொறாமையாகத்தான் படுகிறது. நாளைக்கே ரத்தம் பாருங்கள், ரிப்போர்ட்டை எனக்கு அனுப்புங்கள், நானும் இங்கே பார்த்து அனுப்புகிறேன், இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசுவோம் என்று சொல். நிஜமாகவே நீயும் பார், நீ அவர் பிள்ளை. பேச விஷயம் தீர்ந்துவிடாது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதற்கு எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

இது சுலபமான காரியம் என்று நினைத்துவிடாதே, அதையும் சொல்லிவிட வேண்டும். நீ கூப்பிடுகிற நாளில் அவர் என்ன செய்கிறார் என்று உனக்குத் தெரியாது. காலையிலேயே முகம் மழித்துக்கொள்கிறார். தங்கையிடம் எந்தச் சட்டை என்று கேட்டு, அவள் சொல்வதை விட்டுவிட்டு நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறார். நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வெளிச்சம் முகத்தில் விழுகிறதா என்று போனைத் திறந்து பார்த்து, திரும்ப நகர்த்தி, என்னைக் கூப்பிட்டு, "சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு மணி அடிக்கிறவரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அப்படி உட்கார்ந்திருக்கிற முகத்தைப் பார்த்து நீ அதைச் சொல்ல வேண்டும். முகம் சுருங்கிப் போகும். இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருப்பார், நான் பார்த்துக்கொள்கிறேன். நீ மட்டும் அந்த முகத்தைப் பார்த்து மனசு இளகி, "சும்மா சொன்னேம்பா" என்று பின்வாங்கிவிடாதே. நன்றாக இருக்கிறார் என்று அப்புறம் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம்.

வேறு என்ன. தங்கைக்கு வேலையில் மாற்றல் வரும் போலிருக்கிறது, வந்தால் எழுதுகிறேன். மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நீ காபி குடிப்பதும் குடிக்காததும் உன் இஷ்டம், ஆனால் இனிமேல் எதை விட்டாலும் எதைப் பிடித்தாலும் படம் எடுத்துக் குழுவில் போடாதே, உன் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்தது நீ உப்பை விடுவாய், இங்கே சமைக்கிறவள் நான். போன இடத்தில் நோய் நொடி உன்னை அண்டாமல், நல்ல மனுஷர்கள் சுற்றிலும் இருக்க, நினைத்தது நினைத்தபடி நடந்து நீ தீர்க்காயுசாய் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் திரையில் வந்ததும் முதல் பேச்சாக அதைச் சொல்லிவிடு, அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டால் உனக்கு வாய் வராது.

உன் மேல் கோபம் இன்னும் ஆறாத,
அம்மா